என் கணினியில் யாருடைய சாவி? – வாசகர் கேள்வி பதில்

கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும் நுழைவு விவரங்களைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கினை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பொருளின் தன்மை கருதி, எழுதியவர்களின் பெயர்களை விட்டு ஊர்ப் பெயர்களை மட்டும் வெளியிடுகிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் வாங்கித் தந்த விண்டோஸ் மடிக்கணினியை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். மின்கட்டணம் கட்டுவது, வங்கிக் கணக்குப் பார்ப்பது, பேரனோடு வீடியோவில் பேசுவது ஆகியவற்றைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை. சென்ற வாரம் வேறு எதையோ தேடப்போய், கண்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்ற பகுதியைத் திறந்துவிட்டேன். நான் ஒருபோதும் கேள்விப்பட்டிராத பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் பெயர் ‘விர்ச்சுவல்ஆப்/டிட்லாஜிக்கல்’. அதன் பயனர் பெயர் 02 என்று தொடங்கிப் பொருளற்ற எழுத்துகளாக நீள்கிறது. அச்சத்தில் அதை நீக்கிவிட்டேன். சில நாட்கள் கழித்துப் பார்த்தால் அது மீண்டும் அங்கேயே இருக்கிறது. யாரோ என் கணினிக்குள் வந்துபோகிறார்களா? இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை. (கும்பகோணம்)

பதில்: நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தப் பதிவை எந்த மனிதரும் உங்கள் கணினிக்குள் வந்து எழுதவில்லை, விண்டோஸே எழுதியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடர்பான சேவைகளுடன் கணினி தொடர்புகொள்ளும்போது அந்தக் கணினிக்கென்று ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. 02 என்று தொடங்கும் எழுத்துவரிசை ஒருவருடைய பயனர் பெயரைப் போலத் தோன்றினாலும், அது இயந்திரத்துக்கு இடப்பட்ட அடையாளமே. நீங்கள் நீக்கிய பிறகு அது திரும்பி வந்ததற்கும் இதுவே காரணம்: தேவை எழுந்தபோது விண்டோஸ் அதை மறுபடியும் எழுதிக்கொண்டது. எத்தனை முறை நீக்கினாலும் அது வரும். அப்படியே விட்டுவைத்தாலும் உங்களுக்கு ஒரு தீங்கும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி இந்த ஒரு பதிவைப் பற்றியது மட்டுமன்று என்பதால், அந்தப் பட்டியல் எதற்காக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊருக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்; அது உங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அந்தச் சாவியால் நீங்கள் அவர் வீட்டைத் திறக்கலாம். அவர் உங்கள் வீட்டைத் திறக்க அது உதவாது. கிரெடென்ஷியல் மேனேஜரும் அத்தகைய ஆணிதான். உங்கள் கணினி வெளியே உள்ள ஒரு சேவையையோ வேறொரு கணினியையோ அணுகும்போது, ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்காமல் எடுத்துக் காட்டுவதற்கான சாவிகளே அங்கே மாட்டப்பட்டிருக்கின்றன. எனவே அங்கே அறியாத சாவி ஒன்று இருந்தால், ‘இந்தக் கணினியிலிருந்து யார், எங்கே போனார்கள்?’ என்றுதான் கேட்க வேண்டும். வெளியிலிருந்து யாரேனும் உள்ளே வருகிறார்களா என்பதற்கு வேறு இடங்களில் விடை தேட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்தப் பகுதியை மீண்டும் திறந்து பாருங்கள். மேலே ‘வெப் கிரெடென்ஷியல்ஸ்’, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ என்று இரண்டு பிரிவுகள் இருக்கும். முதலாவது, பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் பழைய எட்ஜ் உலாவியும் கடவுச்சொற்களைச் சேமித்த இடம். இன்றைய குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை தத்தம் கடவுச்சொற்களைத் தம்மிடமே வைத்துக்கொள்வதால், உங்கள் கணினியில் இந்தப் பிரிவு காலியாக இருக்கக்கூடும். இரண்டாவதில்தான் நீங்கள் கண்ட பெயர்கள் இருக்கின்றன. ‘மைக்ரோசாஃப்ட்ஆஃபிஸ்16’ என்று தொடங்குபவை வேர்டு, எக்செல் போன்றவற்றுக்கு உரியவை. ‘ஒன்டிரைவ்’ என்று வருவது கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் வசதிக்கு உரியது. ‘எக்ஸ்பிஎல்’ என்று தொடங்குபவை எக்ஸ்பாக்ஸ் சேவைக்கானவை. நீங்கள் ஒரு விளையாட்டும் ஆடாவிட்டாலும் விண்டோஸுடன் வரும் எக்ஸ்பாக்ஸ் செயலி அவற்றை உண்டாக்கியிருக்கும். ‘எஸ்எஸ்ஓ_பிஓபி’ என்பதும் மைக்ரோசாஃப்ட் நுழைவுக்கானதே. ‘டெர்ம்எஸ்ஆர்வி’ என்று தொடங்கும் பதிவு இருந்தால் மட்டும் மகனிடம் கேளுங்கள்: இந்தக் கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேறொரு கணினிக்கு ஒருவர் போய், அந்தக் கடவுச்சொல்லைச் சேமித்திருக்கிறார் என்பது அதன் பொருள். விடுமுறைக்கு வந்த மகன் உங்கள் மடிக்கணினியில் அமர்ந்து அலுவலக வேலையை முடித்திருக்கலாம்.

ஒவ்வொரு பதிவின் வலப்பக்கத்திலும் சிறிய அம்புக்குறி ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் பதிவு விரியும்: முகவரி, பயனர் பெயர், புள்ளிகளாக மறைக்கப்பட்ட கடவுச்சொல், எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்ற குறிப்பு, கீழே ‘எடிட்’, ‘ரிமூவ்’ என்ற இரு சொற்கள். பதிவின் பெயருக்கு எதிரே அது கடைசியாக மாறிய தேதியும் இருக்கும். பெயரைக் காட்டிலும் இந்தத் தேதியே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. மகன் வந்து தங்கியிருந்த நாட்களோடும், பழுதுபார்ப்பவரிடம் கணினியைக் கொடுத்து வாங்கிய நாளோடும் அதை ஒப்பிட்டுப் பார்த்தால், எவருடையது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். உங்கள் வீட்டில் எவருக்கும் உரியதன்று என்று உறுதியானால் ‘ரிமூவ்’ என்பதை அழுத்தி, கேட்கும்போது ‘யெஸ்’ என்று சொல்லுங்கள். தயக்கமிருந்தால், பட்டியலின் மேற்புறத்தில் உள்ள ‘பேக்கப் கிரெடென்ஷியல்ஸ்’ வழியாக முழுப் பட்டியலையும் ஒரு பென்டிரைவில் கடவுச்சொல்லிட்டுச் சேமித்துவிட்டு நீக்குங்கள். தவறாக நீக்கினாலும் பெரிய இழப்பில்லை. அந்தச் சேவை அடுத்த முறை பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிதாகக் கேட்கும். அந்தக் கடவுச்சொல் எவர் நினைவிலும் இல்லாவிட்டால்தான் தொல்லை.

இனி உள்ளே வருவதற்கான வழிகள். ‘செட்டிங்ஸ்’ சென்று ‘அக்கவுண்ட்ஸ்’ என்பதைத் திறந்து, ‘அதர் யூசர்ஸ்’ பகுதியில் உங்களையும் மகனையும் தவிர வேறு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘ஆப்ஸ்’ பகுதியில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தம்மளவில் நல்ல கருவிகளே என்றாலும், நீங்களோ மகனோ நிறுவாத நிலையில் அவை அங்கே இருந்தால் உடனே நீக்க வேண்டும். மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரேனும் உங்களை அழைத்து, இப்படிப்பட்ட புரியாத பட்டியல் ஒன்றைத் திறக்கவைத்து, ‘பாருங்கள், உங்கள் கணினி கெட்டுப்போயிருக்கிறது’ என்றால், மறுபேச்சின்றித் தொலைபேசியை வைத்துவிடுங்கள். அந்த நிறுவனம் தானாக முன்வந்து எவரையும் அப்படி அழைப்பதில்லை. விண்டோஸின் எந்த மூலையைத் திறந்தாலும் புரியாத பெயர்கள் இருக்கும் என்பதை அறிந்தே அவர்கள் அதைக் காட்டி மிரட்டுகிறார்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். கைமாறி வந்த மடிக்கணினி ஒன்றைக் கடையில் வாங்கினேன். குரோமைத் திறந்தால் முன்பு வைத்திருந்தவரின் படமும் பெயரும் மேலே இருக்கின்றன. கடவுச்சொல் பட்டியலில் அவருடைய வங்கி, மின்னஞ்சல், வருமானவரித் தளம் என நூற்றுக்கு மேற்பட்டவை இருக்கின்றன. ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நண்பன் ஒருவன், அவற்றில் ஒன்று இன்னும் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்கிறான். என்ன செய்வது? (மதுரை)

பதில்: நண்பர் சொல்வதைச் செய்யாதீர்கள். பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டுகள்வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். விளையாட்டாகச் செய்தேன் என்று பிறகு எவரிடமும் நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது.

நீங்கள் செய்ய நினைப்பதும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆயினும் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாக நீக்குவது அந்த மனிதருக்குப் பெருந்தீங்காக முடியும். இதை நான் பட்டு அறிந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் மகள் எங்கள் வீட்டுக் கணினியில் தன் கூகுள் கணக்கைச் சேர்த்து, தேர்வுக்கான விண்ணப்பம் ஒன்றை நிரப்பிவிட்டு ஊர் திரும்பினாள். பல நாள் கழித்து, எனக்குத் தொடர்பில்லாத பதினைந்து இருபது கடவுச்சொற்கள் குரோமில் இருப்பதைக் கண்டு, என் கணினியைத் தூய்மைப்படுத்துவதாக எண்ணி எல்லாவற்றையும் நீக்கினேன். நுழைவுச்சீட்டை எடுக்க வேண்டிய நாளில் அவள் தன் கைபேசியைத் திறந்தபோது அங்கேயும் ஒன்றுகூட இல்லை. அந்தத் தளத்துக்குக் கொடுத்திருந்த பழைய கைபேசி எண்ணும் அவளிடம் இல்லாததால், கடவுச்சொல்லை மாற்றி எடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆயின. அந்த இரவு முழுக்க அவள் தாயிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் எளிது. ஒருவர் குரோமில் தம் கூகுள் கணக்கைச் சேர்த்து ஒத்திசைவை இயக்கிவிட்டால், நீங்கள் திரையில் காணும் பட்டியல் உங்கள் கணினியில் மட்டும் உள்ள தனிப் பிரதியாக இருப்பதில்லை. அவருடைய கைபேசியிலும் அலுவலகக் கணினியிலும் கூகுளின் சேமிப்பிலும் இருக்கும் அதே பட்டியலே இங்கேயும் தெரிகிறது. ஓரிடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் போய்விடும்.

எனவே பட்டியலுக்குள் போகாமல், அந்தப் பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்கும் சுயவிவரத்தையே (‘புரொஃபைல்’) கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். குரோமின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள படத்தை அழுத்தி, சுயவிவரங்களை நிர்வகிக்கும் திரைக்குச் சென்று, அவருடைய படத்தின் மேல் தெரியும் மூன்று புள்ளிகளை அழுத்தினால் ‘டெலிட்’ என்பது வரும். அது இந்தக் கணினியில் உள்ள அவருடைய புத்தகக்குறிகளையும் வரலாற்றையும் கடவுச்சொற்களையும் மட்டும் அகற்றும். கூகுள் கணக்கில் சேமித்தவை அங்கே அப்படியே இருக்கும்.

ஆனால் கைமாறிய கணினிக்கு இது போதாது. எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், கிரெடென்ஷியல் மேனேஜர், அவர் நிறுவிய செயலிகள் என்று எங்கெல்லாம் என்னவெல்லாம் இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, கணினியை முழுமையாக வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்குவதே அவருக்கும் உங்களுக்கும் நல்லது. அவருடைய இரகசியங்கள் உங்களிடம் இருப்பது எவ்வளவு தவறோ, அவரோ இடையில் இருந்தவரோ விட்டுச்சென்ற ஏதோ ஒரு செயலி உங்கள் கடவுச்சொற்களைக் காணக்கூடிய நிலையில் இருப்பதும் அவ்வளவு தவறு. விண்டோஸ் 11இல் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரிகவரி’ என்று சென்றால் ‘ரீசெட் திஸ் பிசி’ இருக்கும். அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொடங்குவதற்கு முன் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, வட்டைத் துடைக்கும் ‘கிளீன் டேட்டா’ வசதியையும் இயக்குங்கள். கோப்புகளைப் பிற்பாடு மீட்டெடுப்பதை அது கடினமாக்கும். பல மணி நேரம் ஆகக்கூடும் என்பதால், மின்னிணைப்பில் செருகிவைத்து இரவில் விட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் இரண்டு நிமிடம் செலவழித்து, ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் ‘அக்செஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்’ என்பதைத் திறந்து பாருங்கள். நிறுவனங்கள் பழைய மடிக்கணினிகளை மொத்தமாகக் கழிப்பதும், அவை புதுப்பிக்கப்பட்டுக் கடைக்கு வருவதும் வழக்கம். அங்கே ஒரு நிறுவனத்தின் பெயர் இணைந்திருந்தால், அந்த நிறுவனத்தால் இந்தக் கணினியைத் தொலைவிலிருந்தே நிர்வகிக்க இயலும். மேலும், நிறுவனங்கள் தம் கணினிகளைப் பதிந்துவைக்கும் மைக்ரோசாஃப்டின் ‘ஆட்டோபைலட்’ பதிவேட்டிலிருந்து இந்தக் கணினியை விடுவிக்காமல் விற்றிருந்தால், நீங்கள் முழுமையாகத் துடைத்த பிறகும் இணையத்தில் இணைந்தவுடன் அந்த நிறுவனத்தின் நுழைவுத் திரையே வந்து நிற்கும். அதை நீங்களாகச் சரிசெய்ய முடியாது. ரசீதோடு கடைக்குச் சென்று, விடுவித்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ கேட்பதே வழி.

விற்றவரைக் கடைக்காரர் அறிவார் என்றால், ‘உங்கள் கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து இந்தக் கணினியை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள். தாம் எதைக் கைமாற்றிவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கேள்வி: பின்னலாடை நிறுவனமொன்றில் கணக்காளராக இருக்கிறேன். என் சொந்தக் கணினியில், என் சொந்தக் கூகுள் கணக்கில், நான் சேமிக்காத சில கடவுச்சொற்கள் இருக்கின்றன. ஒரு கல்லூரியின் மாணவர் தளம். திரைப்பட நுழைவுச்சீட்டுத் தளம் ஒன்று, அதில் நான் அறியாத கைபேசி எண். மற்றொன்றில் பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இலக்க எண் மட்டும். நீக்கிவிட்டால் போதுமா? (திருப்பூர்)

பதில்: நீங்கள் குறிப்பிடும் மூன்றும் மூன்று வகையாக இருக்கக்கூடும். கடைசியிலிருந்து தொடங்குகிறேன். உலாவி ஒரு பக்கத்தில் கடவுச்சொல் பெட்டியைக் கண்டதும், அதற்கு அருகில் எழுதப்பட்டிருப்பதைப் பயனர் பெயராக எண்ணிக்கொள்கிறது. அங்கே நீங்கள் தட்டியது வாடிக்கையாளர் எண்ணாகவோ, அஞ்சல் குறியீடாகவோ, படத்தில் பார்த்து எழுதச் சொன்ன எண்ணாகவோ இருந்தால், அதுவே பயனர் பெயராகப் பதிந்துவிடுவதுண்டு. அந்தத் தளத்தின் பெயரைப் பார்த்தால் உங்களுக்கே நினைவு வரும். அதுபோலவே கைபேசிச் செயலிகளில் சேமித்தவையும் இதே பட்டியலில் சேர்வதால், சில பதிவுகள் வழக்கமான இணைய முகவரியாக இல்லாமல் செயலியின் உட்பெயரோடு காணப்படும்.

கல்லூரித் தளமும் அறியாத கைபேசி எண்ணும் வேறு வகை. உங்கள் கணக்கு வேறு எங்கோ ஒரு கணினியில் திறந்தபடியே இருக்கிறது. அங்கே அமர்ந்த ஒருவர் தம் வேலையைச் செய்யும்போது, உலாவி ‘சேமிக்கட்டுமா?’ என்று கேட்க, அவர் ‘சரி’ என்று அழுத்த, அது உங்கள் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது என்பதே எனக்கு முதலில் தோன்றுகிறது. பிரவுசிங் சென்டரில் படிவம் ஒன்றை அச்செடுக்கப் போனபோதோ, உறவினர் வீட்டில் அவசரத்துக்கு மின்னஞ்சலைத் திறந்தபோதோ, நீங்கள் வெளியேற மறந்திருக்கலாம். அவர் உங்களுக்கு எந்தக் கெடுதலும் நினைக்காதவராகவே இருக்கலாம். ஆனால் அதே திரையில் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்துவருகிறது.

ஆகவே நீக்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீக்கினால், அந்தக் கணினி மறுநாளே இன்னொன்றைச் சேர்க்கும். எவ்விடத்திலிருந்து வந்தது என்பதற்கான தடயமும் போய்விடும். கூகுள் கணக்கின் நிர்வாகப் பக்கத்தில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குச் சென்று ‘யுவர் டிவைசஸ்’ என்பதைத் திறங்கள். எந்தச் சாதனத்தில், எந்த ஊரை ஒட்டி, எப்போது கடைசியாகக் கணக்கு இயங்கியது என்று அது காட்டும். ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கைபேசி இணைப்பில் திருப்பூரில் இருப்பவருக்குச் சென்னை என்று காட்டுவது உண்டு. சாதனத்தின் வகையும் தேதியும் நம்பத்தகுந்தவை. அறியாத சாதனத்தைத் தேர்ந்தெடுத்து ‘சைன் அவுட்’ கொடுங்கள். உடனே கணக்கின் கடவுச்சொல்லை, வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றுங்கள். இது பெரும்பாலான சாதனங்களிலிருந்து உங்கள் கணக்கை வெளியேற்றிவிடும். மீட்புக்கான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதாமா, ஜிமெயில் அமைப்புகளில் உங்கள் அஞ்சல்களை வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு ஏதேனும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலரும் இந்த அஞ்சல் திருப்பத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அது நின்றுவிடாது. கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கியிராவிட்டால் இதே அமர்வில் இயக்கிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்த பின் குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலில் ‘கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர்’ சென்று, அயலாருடைய பதிவைத் திறந்து, ‘டெலிட்’ கொடுங்கள். திறக்கும்போது குரோம் உங்கள் விண்டோஸ் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ கேட்கும். அந்த மாணவரின் கடவுச்சொல்லைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவை எங்கும் இல்லை. நீக்குவதற்கு அதை வெளிப்படுத்த வேண்டியதில்லை. அது உங்கள் கணக்கில் சேர்ந்த பதிவே என்பதால், நீக்குவதால் அவருக்கு அவருடைய கணக்கில் எந்த இழப்பும் நேராது. மதுரை வாசகருக்குச் சொன்னதற்கு இது நேர்மாறான நிலை என்பதைக் கவனியுங்கள்: அங்கே கணக்கு அயலாருடையது, இங்கே கணக்கு உங்களுடையது. நீக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன் உலாவியின் மேல்மூலையில் யாருடைய படம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: என் மகள் படங்களைத் திருத்தும் விலையுயர்ந்த மென்பொருள் ஒன்றின் இலவசப் பதிப்பு என்று எதையோ தரவிறக்கி நிறுவினாள். அதன் பிறகு எட்ஜ் உலாவியில் நான் சேமிக்காத இரண்டு மூன்று கடவுச்சொற்கள் தென்படுகின்றன. முகநூலிலிருந்து, அறியாத ஊரிலிருந்து யாரோ என் கணக்கில் நுழைந்ததாக அறிவிப்பும் வந்தது. அறியாத கடவுச்சொற்களை எல்லாம் நீக்கிவிட்டேன். இனிக் கவலையில்லை அல்லவா? (நாகர்கோவில்)

பதில்: வருந்துகிறேன், கவலைப்பட வேண்டிய நிலைதான். எட்ஜில் புதிதாகத் தென்பட்ட பதிவுகளுக்குச் சாதாரண விளக்கம் இருக்கலாம்; ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குரோமிலிருந்து விவரங்களை எடுத்துக்கொள்ள எட்ஜுக்கு அனுமதி கொடுத்திருந்தால், மகள் குரோமில் சேமித்தவை அங்கே வந்து சேரும். ஆனால் முகநூல் அறிவிப்பையும் அந்த ‘இலவச’ மென்பொருளையும் சேர்த்துப் பார்க்கும்போது, கடவுச்சொல் திருடும் நிரல் கணினியில் புகுந்திருக்கிறது என்று கொண்டே நீங்கள் நடக்க வேண்டும். லும்மா என்ற அத்தகைய நிரலின் கட்டமைப்பை 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் பல நாடுகளின் காவல் அமைப்புகளும் சேர்ந்து முடக்கின. அதற்கு முந்தைய இரண்டே மாதங்களில் அதனால் பாதிக்கப்பட்ட 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளைக் கண்டறிந்ததாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. திருட்டுப் பதிப்பு மென்பொருள்கள் இந்த வகை நிரல்கள் பரவும் முக்கியமான வழிகளில் ஒன்று.

இந்த நிரல்கள் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைப் படியெடுத்து அனுப்பிவிடுகின்றன. படி போன பிறகு பட்டியலில் எதை நீக்கினாலும் பயனில்லை. கடவுச்சொற்களோடு, நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருப்பதைத் தளங்களுக்குக் காட்டும் குக்கீகளையும் அவை எடுத்துச் செல்வதால், ஒருவர் கடவுச்சொல்லே இல்லாமலும் உங்கள் கணக்கில் நுழைய இயலும். குரோம் 2024இல் வெளியிட்ட 127ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸில் குக்கீகளுக்குக் கூடுதல் பூட்டு ஒன்றை அமைத்திருக்கிறது. அதையும் தாண்டும் வழிகளைத் திருடர்கள் தேடிக்கொண்டேயிருக்கிறார்கள்.

அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிடுங்கள். அதில் அமர்ந்து கடவுச்சொற்களை மாற்றினால் புதியதும் அவர்களுக்கே போகும் என்பதால், உங்கள் கைபேசியிலிருந்தோ வேறொரு நல்ல கணினியிலிருந்தோ மாற்றுங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் வழி அதுவே. அடுத்து வங்கி, அதன் பின் முகநூல் முதலியவை. ஒவ்வொன்றிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதி இருந்தால் தவறாமல் பயன்படுத்துங்கள். திருடிய குக்கீகள் அப்போதுதான் செல்லாமற்போகும். பின்னர் மதுரை வாசகருக்குச் சொன்ன முறையில் கணினியை முழுமையாகத் துடைத்து நிறுவுங்கள். படங்களையும் ஆவணங்களையும் முன்னதாக எடுத்துவைத்துக்கொள்ளலாம். அந்த மென்பொருளின் நிறுவல் கோப்பையும், அதோடு வந்த வேறு எந்த நிரல் கோப்பையும் எடுத்துவைக்காதீர்கள். மகளைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தளத்திலிருந்து, எந்த நாளில் அதை எடுத்தாள் என்பதை அவள் அஞ்சாமல் சொன்னால்தான், எந்த நாளுக்குப் பிறகு நடந்தவற்றை நீங்கள் சந்தேகிக்க வேண்டும் என்பது தெரியும்.

அந்த நாளிலிருந்து இன்றுவரை உள்ள வங்கிக் கணக்கு விவரத்தை வரிவரியாகப் பாருங்கள். நீங்கள் அறியாத ஒரு ரூபாய் போயிருந்தாலும் வங்கிக்குத் தெரிவித்துவிட்டு, உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் நிறுத்திவைக்க முயல்வார்கள் என்பதால் மணிக்கணக்கில் தாமதிக்கக் கூடாது. அவர்கள் தரும் ஒப்புகை எண்ணையும், நீங்கள் கடவுச்சொற்களை மாற்றிய தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, முகநூல் அறிவிப்பின் திரைப்பிடிப்போடு (ஸ்கிரீன்ஷாட்) சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியும் காவல்துறையும் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.